வீட்டுக்கு லேன் பாயின்ட்: பாக்ஸ், பிளேட், ஜாக் எப்படிப் பார்த்து வாங்குவது

கீழே ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வேகம் 300 எம்பிபிஎஸ் வருகிறது. மாடி அறையில் சுவரில் இருக்கும் லேன் பாயின்டில் (நெட் வயரைச் செருகும் இடம்) லேப்டாப்பைச் செருகினால் 94, சில நாள் 93, அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. இரண்டு மாதம் நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரோடு மல்லுக்கட்டினேன், அவரும் பாவம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு "எங்க லைன் சரியாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பிளேட்டைக் கழற்றினேன். உள்ளே நல்ல கேட் 6 ரக லேன் வயர்தான். ஆனால் எட்டுக் கம்பியில் நாலுதான் ஜாக்கில் (பிளக்கைச் செருகும் ஓட்டையுள்ள பகுதி) ஏறியிருந்தது, மீதி நாலையும் அழகாகச் சுருட்டி வயர் மேலேயே சுற்றி வைத்திருந்தார்கள். எலெக்ட்ரீஷியனைக் கேட்டால், "நெட்டுக்கு நாலு கம்பி போதும் சார், நாங்க எப்பவும் அப்படித்தான்."

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 100 எம்பிபிஎஸ் காலத்தில் இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 ஆகிய நாலு பின்களே வேலையை முடித்துவிடும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலு ஜோடியும் வேண்டும். மீதி நாலில் ஒரு கம்பி தளர்ந்தாலே பெரும்பாலும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும், உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வராது, நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் ஏழு பாயின்ட், தம்பி வீட்டில் ஒன்பது பாயின்ட் நானே போட்டேன். இதில் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம்: எல்லாரும் ஜாக்கை முதலில் பார்த்து, அதற்குப் பிளேட் தேடி, கடைசியில் சுவருக்குள் பதிக்கும் பாக்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள். தலைகீழாகப் போக வேண்டும். பூச்சு வேலை முடிந்த சுவரில் பாக்ஸை மாற்ற முடியாது, ஜாக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த அறையில், எந்தச் சுவரில், எதற்காக என்று எழுதுங்கள். டிவிக்குப் பின்னால் இரண்டு பாயின்ட் (டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸோ கேம் பெட்டியோ வந்தால் இன்னொன்று). மேசைக்கு இரண்டு. மாடி நடுவில் கூரையில் ஒன்று, வைஃபை அக்சஸ் பாயின்டுக்கு. இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வாசலில் கேமராவுக்கு ஒன்று. மேசைப் பக்கப் பாயின்ட் சாதாரண பிளக் பாயின்ட் உயரத்திலேயே, தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கட்டும். டிவி பாயின்ட் டிவிக்குப் பின்னால் மறைகிற உயரத்தில்.

ஒவ்வொரு பாயின்டிலிருந்தும் தனித்தனி வயர் ரவுட்டர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். லைட்டுக்கு எடுப்பதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லூப் எடுக்கக் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள், பழக்க தோஷத்தில் லூப் எடுத்துவிடுவார்.

படி 2: பாக்ஸ்

கரன்ட் வயர் போகும் பைப்பில் லேன் வயரைப் போடவே கூடாது, அதே பாக்ஸிலும் வேண்டாம். "எட்டு மாட்யூல் பாக்ஸ்ல கடைசி ஒரு மாட்யூல் நெட்டுக்குக் குடுத்துடலாம் சார், பார்க்க நல்லா இருக்கும்" என்பார்கள். (மாட்யூல் என்றால் ஒரு சிறிய சுவிட்சு உட்காரும் அளவு.) பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 230 வோல்ட் வயரின் தோல் எங்கேயாவது உரிந்து, நீங்கள் கையால் தொடும் லேன் கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரைச்சல் சேர்வதெல்லாம் அப்புறம்தான், முதல் காரணம் உயிர். பக்கத்திலேயே தனியாக ஒரு இரண்டு மாட்யூல் பாக்ஸ் வையுங்கள். பைப்பும் ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

ஆழம் முக்கியம். ஜாக்குக்குப் பின்னால் வயர் வளைய இடம் வேண்டும். கேட் 6 வயரின் தடிமன் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், அதை அதன் தடிமனைப்போல நாலு மடங்குக்கு, அதாவது 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கு, கீழே வளைக்கக் கூடாது. கடையில் இருப்பதிலேயே ஆழமான பாக்ஸாகக் கேளுங்கள். ஆழம் குறைந்த பாக்ஸில் பிளேட்டை அழுத்தி ஸ்க்ரூ போட்டால் வயர் உள்ளே மடங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

பைப் 25 மில்லிமீட்டர் போடுங்கள். உள்ளே ஒரு இழுவைக் கம்பியையும் விட்டுவையுங்கள். நாளைக்கு ஃபைபரோ வேறெதுவோ இழுக்க வேண்டியிருந்தால் சுவரைக் கொத்த வேண்டாம்.

படி 3: பிளேட்

நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும், இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராது.

முதலாவது, சுவிட்சு போட்ட அதே கம்பெனியின் மாடுலர் பிளேட். ஆங்கர் ரோமா, லெக்ராண்ட், ஹேவல்ஸ் எல்லாரிடமும் ஆர்ஜே45 மாட்யூல் (அந்த அளவில் வரும் லேன் ஜாக்) உண்டு. வீட்டில் மற்ற சுவிட்சுகளோடு ஒன்றாக இருக்கும், வீட்டம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டாம். குறை என்னவென்றால், ஒரு கம்பெனி மாட்யூல் இன்னொரு கம்பெனி பிளேட்டில் உட்காராது. சில சமயம் அதே கம்பெனியின் வேறு ரகத்திலேயே உட்காராது. எந்த ரகப் பிளேட் என்று பேரையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், "வெள்ளை கலர் மாடுலர்" என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

இரண்டாவது, நெட்வொர்க் சாமான் கடையில் கிடைக்கும் 86 மில்லிமீட்டர் சதுரப் பிளேட். கடைக்காரர்கள் ஐஓ பிளேட் என்பார்கள். அதில் ஒன்றோ இரண்டோ சதுர ஓட்டை இருக்கும், கீஸ்டோன் ஜாக்கைப் பின்னாலிருந்து தள்ளினால் டக்கென்று உட்காரும். கீஸ்டோன் என்பது பொது அளவு, அதனால் பெரும்பாலும் யாருடைய ஜாக்கும் யாருடைய பிளேட்டிலும் உட்காரும். ஜாக் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். என்னைக் கேட்டால் இதுதான், அழகில் ஒரு மாற்றுக் குறைவு என்றாலும். ஆனால் இதற்குச் சதுர பாக்ஸ் வேண்டும், ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே 60 மில்லிமீட்டர் இருக்கும். மாடுலர் பாக்ஸில் இந்த ஓட்டைகள் சேராது. அதனால்தான் பாக்ஸ் பதிப்பதற்கு முன்பே பிளேட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன்.

இதில் ஒரு கிளைக்கதை. அமெரிக்காவில் இருக்கும் அக்கா "இங்கே நல்ல பிளேட் கிடைக்குதுடா" என்று ஆறு பிளேட் வாங்கி வந்தாள். அங்கே பிளேட் உயரவாக்கில் நீளம், ஏறக்குறைய 70-க்கு 114 மில்லிமீட்டர், ஸ்க்ரூ தூரமும் வேறு. அலமாரியில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. ஜாக்குகளை மட்டும் எடுத்து 86 மில்லிமீட்டர் பிளேட்டில் போட்டேன், சரியாக உட்கார்ந்தன.

படி 4: ஜாக்

வயர் கேட் 6 என்றால் ஜாக்கும் கேட் 6. கேட் 5இ ஜாக் போட்டால் வீட்டுத் தூரத்துக்கு ஜிகாபிட் ஓடத்தான் செய்யும், ஆனால் நல்ல வயருக்குக் காசு கொடுத்துவிட்டு முனையில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை. கேட் 6ஏ வேண்டுமா? அது 100 மீட்டருக்கு 10 ஜிகாபிட் கொடுக்கும், வயர் தடிமன், ஜாக் பெரிது, பாக்ஸில் திணறும். சாதாரண கேட் 6 வயரே குறைந்த தூரத்தில் 10 ஜிகாபிட்டைத் தாங்கும். நம் வீட்டில் எந்தப் பாயின்ட் ரவுட்டரிலிருந்து 30 மீட்டரைத் தாண்டப் போகிறது?

கடையில் ஜாக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். எந்த வண்ணக் கம்பி எங்கே என்று காட்டும் வண்ணக்கோடுகள் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும், ஏ, பி என்று இரண்டு வரிசையும். வண்ணம் இல்லாத ஜாக்கை வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே பின்கள் ஒரே மட்டத்தில், பளிச்சென்று தங்க நிறத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வயரைச் செருகச் சொல்லி, கிளிப் டக்கென்று பிடிக்கிறதா பாருங்கள். முன்னால் மூடி இருக்கிற ஜாக்கோ பிளேட்டோ கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம். நம் ஊரில் எறும்பு, தூசி, சில வீட்டில் குளவி மண் கட்டுவதுவரை எல்லாம் நடக்கும்.

பின்பக்கம் இரண்டு ரகம். ஒன்றில் கம்பியைக் காடிக்குள் இறக்கும் பஞ்சிங் டூல் வைத்து அடிக்க வேண்டும். இன்னொன்று டூல் வேண்டாத ரகம், கம்பியை வைத்து மூடியை அழுத்தினால் போதும். மொத்தம் நாலைந்து பாயின்ட்தான் என்றால் இரண்டாவதை வாங்குங்கள், விலை கூடுதல்தான், டூல் வாங்குகிற செலவு மிச்சம்.

டெலிபோன் பாயின்டுக்கு ஆர்ஜே11 ஜாக் (போனின் சிறிய ஜாக்) தனியாக வேண்டாம். எல்லாப் பாயின்டையும் ஆர்ஜே45 ஆகவே போடுங்கள். போன் வேண்டுமென்றால் ஒரு முனையில் ஆர்ஜே45 பிளக்கும் மறுமுனையில் போன் பிளக்கும் இருக்கிற ஒரு வயரைச் செய்துகொள்ளலாம். போனின் சிறிய பிளக்கை ஆர்ஜே45 ஓட்டையில் நேராகச் செருகாதீர்கள், போகும், ஆனால் இரண்டு ஓரத்துப் பின்களும் வளைந்துவிடலாம்.

வயரிலும் ஏமாறாதீர்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். ஜாக்கில் அடிக்கும்போது ஒடியும், கேமராவுக்கு அதே வயரில் கரன்ட் அனுப்பினால் சூடாகும்.

டிடிஎச் பற்றி ஒரு வரி: மாடுலர் ரகத்தின் டிவி மாட்யூல்கள் பல தள்ளிச் செருகும் பழைய ஏரியல் வகை. டிஷ்ஷிலிருந்து வரும் ஆர்ஜி6 வயருக்குத் திருகும் எஃப் வகைதான் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

படி 5: ஜாக்கில் அடிப்பது

இதில் அவசரம் கூடாது. பாக்ஸிலிருந்து வயர் ஒரு சாண் வெளியே நீட்டியிருக்கட்டும், முதல் தடவை கோளாறானால் வெட்டிவிட்டு மறுபடி செய்யலாம். மேல் தோலை மூன்று சென்டிமீட்டர் உரியுங்கள். பிளேடை ஆழமாக அழுத்தாதீர்கள், லேசாகக் கீறி மடக்கினால் தோல் தானாகப் பிளக்கும். உள்ளே நாலு ஜோடி, நடுவில் கூட்டல் குறிபோல ஒரு பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கைத் தோல் ஓரத்தோடு வெட்டிவிடுங்கள்.

இப்போது ஜாக்கின் பி வண்ண வரிசையைப் பாருங்கள். பிளக்கில் டி568பி வரிசை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜாக்கின் பின்பக்கம் இதே வரிசையில் இருக்காது, ஜோடி ஜோடியாக இருக்கும். அதனால் மனப்பாடத்தை விட்டுவிட்டு ஜாக்கில் ஒட்டியிருப்பதைப் பார்த்து வையுங்கள். ஏ-யா, பி-யா என்பது பெரிய விஷயமில்லை, வயரின் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முறுக்கை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நான் முறுக்கைப் பிரிக்காமலே ஜோடியைக் காடிக்குமேல் கொண்டுவந்து, கடைசி அரைச் சுற்றை மட்டும் நகத்தால் பிரித்து இரண்டு பக்கமும் வைப்பேன். அப்புறம் டூலை நேராக நிறுத்தி அழுத்த வேண்டும், வெட்டும் முனை ஜாக்கின் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். ஒரு தடவை உள்பக்கம் வைத்து அடித்து, நல்ல கம்பியைத்தானே நறுக்கிவிட்டு முழித்திருக்கிறேன். டக்கென்று சத்தம் வந்து மிச்சக் கம்பி துண்டாகி விழுந்தால் சரியாக ஏறிவிட்டது.

பிளேட்டில் மாட்டும்போது கிளிப் பிடிக்கும் பள்ளம் கீழே, பின்கள் மேலே இருக்கட்டும். தூசி பின்மேல் உட்காராது.

படி 6: சோதனை

எட்டு விளக்கு எரியும் சின்ன டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும். 1 முதல் 8 வரை இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் எரிய வேண்டும். ஆனால் ஜோடி மாறிப் போயிருந்தால், அதாவது எண்கள் சரியாக இருந்தும் தவறான ஜோடியின் கம்பியை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்திருந்தால், இந்த விளக்குகள் பிடிக்காது. அதனால் லேப்டாப்பை ரவுட்டரோடு இணைத்து, நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு 1000 காட்டுகிறதா பாருங்கள். 100 காட்டினால் பிளேட்டைக் கழற்றுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி சரியாக ஏறியிருக்காது. 1000 காட்டியும் வேகம் தடுமாறினால் ஜோடியைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பிளேட்டின் மூலையில் மார்க்கரால் ஒரு எண் போடுங்கள், ரவுட்டர் பக்கம் வரும் வயரிலும் அதே எண்ணை எழுதுங்கள். நான் போடாமல் விட்டு, எது எந்த அறை என்று தெரியாமல், ஏழு வயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன்.