தங்கிப் படிக்கும் விவசாயப் பயிற்சியா? இதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்

லீவு போட்டுவிட்டு ஜொகூரிலோ தமிழ்நாட்டிலோ தங்கி இயற்கை விவசாயம் கற்க நினைக்கும் சிங்கப்பூர் நண்பர்களே, ஒரு மாதமாவது நடக்கும் பயிற்சியாகப் பாருங்கள். முளைக்கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். விதைப்பு முதல் அறுவடை வரை நீங்களே செய்யலாம். வார இறுதி வகுப்பில் அது கிடைக்காது.

அப்புறம், மட்கு உரக் குவியலை உங்களையே போட விடுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். என்னைக் கேட்டால் பாதிப் படிப்பு அதில்தான். காய்ந்த இலை, பச்சைக் கழிவு, சாணம் கலந்து ஒரு பிடி பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வரவேண்டும். தண்ணீர் ஒழுகினால் நாறும். உலர்ந்திருந்தால் சூடே ஏறாது. சரியாக அமைந்தால் நடுவில் 55 டிகிரியைத் தாண்டும்.

ஊர் திரும்பியதும் கை பழக இடம் வேண்டுமே! தேசியப் பூங்காக் கழகம் 3 ஆண்டுக்கு வாடகைக்குத் தரும் பாத்திகள் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். விண்ணப்பம் திறந்ததும் பதிந்துவிடுங்கள்.