வாழ்வை வெறுத்துப் பேசுபவருக்குத் துணை நிற்கும் முறை

"இனி நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால், உபதேசத்தைத் தொடங்காமல், திருகோணமலைக் கடற்கரை மணலிலோ வீட்டுத் திண்ணையிலோ அருகில் அமர்ந்து, "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை, அடக்கிய பாரத்தை இறக்கவே வழிவிடும். அவர் பேசாமலிருந்தால், ஆறிப்போகும் தேநீருக்கு முன்னால் நீங்களும் பொறுமையாகக் காத்திருங்கள்.

பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அவரோடு சேர்ந்தே அழையுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டால் தனியே விடாமல், 1990 அம்புலன்ஸை வரவழையுங்கள். பொலிஸ் வழக்குக்கு அஞ்சிக் குடும்பத்தார் மறைப்பது வேதனைக்குரியது. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. மறுநாள் காலையிலும் தவறாமல் அவரைப் போய்ப் பாருங்கள்.