வீட்டில் உள்ள பிரஷர் மாத்திரைகளைச் சரிபார்ப்பது எப்படி?

மலேசிய அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கிய மருந்தும் டவுனில் தனியார் கிளினிக்கில் வாங்கிய மருந்தும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கிறதா? அப்படியென்றால் இந்த வேலையை இன்றே செய்யுங்கள். சுங்கை சிப்புட்டில் அம்மாவின் மாத்திரைகளை நான் இப்படித்தான் ஒழுங்குபடுத்தினேன்.

படி 1: எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். நார்வாஸ்க் என்றாலும் அம்லோடிபின் என்றாலும் மருந்து ஒன்றுதான். கோவர்சில், பெரிண்டோபிரில் இரண்டும் அப்படியே. நிறமும் வடிவமும் வேறாக இருப்பதால் வயதானவர்கள் இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். அளவு இரட்டிப்பானால் தலைசுற்றல் வரும், ஆளே விழலாம். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால், அன்றே இரண்டையும் எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

படி 2: ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் பிரஷர் பாருங்கள். காலையில் மாத்திரைக்கும் பசியாறுவதற்கும் முன்னால். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேல்கையில் கட்டுவதையே வாங்குங்கள். எழுதி வைக்கச் செயலியை விட, கடையில் விற்கும் சின்ன 555 நோட்டு எனக்குப் பிடிக்கும், டாக்டர் ஒரே பார்வையில் படித்துவிடுவார். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது அதிகம்.

படி 3: உடம்பில் என்ன மாற்றம் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு விடாத வறட்டு இருமல். கற்பூரவள்ளி, இருமல் மருந்து எதற்கும் அடங்கவில்லை. "இந்த மாத்திரையே வேணாம்பா" என்று சொல்லிவிட்டார். பெரிண்டோபிரில் சிலருக்கு இப்படி இருமலைக் கொடுக்கும். டாக்டரிடம் சொன்னதும் லோசார்டான் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார், சில வாரங்களில் இருமல் நின்றது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், அதற்கும் மாற்று வழி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. அதிலும் பிசோப்ரோலோல் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம்.

பெரிண்டோபிரில் சாப்பிடுபவருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள், உடனே 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பலர் முட்டிவலி மாத்திரை பற்றிக் கேட்டார்கள். பால்மரம் வெட்டி முட்டி தேய்ந்தவர்கள் வீட்டில் டைக்ளோபெனாக் இல்லாமல் இருக்காது. அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். அதையும் படி 1-இல் மேசைக்குக் கொண்டுவாருங்கள். "உப்புக்குப் பதில்" என்று விற்கும் பொட்டாசிய உப்பு இருந்தால் அதையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பெரிண்டோபிரில், லோசார்டான் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.