ஈஸ்ட் சுவரும் கைட்டினும்: மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

"சார், எம்பட ஸ்லைடுல கைட்டினப் பாருங்க, கயிறாட்டம் இருக்குதுங்க!"

திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகம். எட்டிப் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் தகட்டின் குறுக்கே தடித்த இழை ஒன்று ஓடியது. ஓரத்தில் ஈஸ்ட் செல்கள் கடுகு சிந்தினாற்போல் கிடந்தன. "அது கைட்டின் இல்ல அம்மிணி, பனியன் பஞ்சு" என்றேன்.

அவள்மேல் தப்பில்லை. கைட்டின் என்பது ஈஸ்ட் சுவரிலும் இறால் ஓட்டிலும் இருக்கும் கெட்டியான சர்க்கரைச் சங்கிலி. அதைக் காட்ட ஸ்லைடில் போட்ட கால்கோஃப்ளூர் என்கிற சாயமே துணிக்கு வெண்மை ஏற்றும் சரக்கு வகைதான். கைட்டினைப் பிடிப்பதுபோலவே பருத்தியின் செல்லுலோஸையும் பிடிக்கும். இரண்டிலும் சர்க்கரைக் கண்ணிகள் கோர்த்திருக்கும் விதம் ஒன்று. பனியன் ஊரில் கால்கோஃப்ளூரோடு வேலை செய்கிறவர்கள், கைட்டின் கட்டும் நொதிகளில் ஒன்றான சி.எச்.எஸ்.3-இன் ஜீனை நீக்கிய ஈஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது. அந்த ரகம் கைட்டினில் பெரும்பங்கை இழந்து மங்கித் தெரியும்.

அடுத்தது, சுவர் முழுக்கக் கைட்டின் என்ற நினைப்பு. இறால் ஓட்டை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். ரொட்டி ஈஸ்ட்டின் சுவரில் அது எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். மிச்சம் பெரும்பாலும் குளுக்கான் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியும், சர்க்கரை ஒட்டிய மன்னோபுரதமும். ஆனால் அந்தக் கொஞ்சமும் மொட்டு முளைக்கும் கழுத்தில் வளையமாகக் குவிந்திருக்கும். மகள் செல் பிரிந்த பிறகும் அந்த வளையம் தாயின்மேல் தழும்பாக நிற்கும். தழும்பை எண்ணினால் எத்தனை பிள்ளை பெற்றாள் என்று சொல்லிவிடலாம்.

பெரிய விஞ்ஞானிகளே சறுக்கிய இடம் ஒன்று உண்டு. செல்லை உடைத்துக் குழாயில் சோதித்தால் கைட்டின் கட்டும் வேலையில் பெரும்பகுதி சி.எச்.எஸ்.1 நொதியுடையதாகத் தெரியும், அதுவும் புரதத்தை வெட்டும் டிரிப்சின் போட்டு உசுப்பிவிட்ட பிறகு. எனவே முக்கியமான நொதி அதுதான் என்று இருந்தார்கள். 1986-ல் அந்த ஜீனை நீக்கிப் பார்த்தால் செல்லில் கைட்டின் குறையவே இல்லை! அதன் நிஜ வேலை ஒட்டுப்போடுவது. தாயும் மகளும் பிரியும்போது கைட்டினை வெட்டும் கைட்டினேஸ் நொதி சுவரை அளவுக்கு மீறி அரித்துவிட்டால் அது அடைக்கும். அது இல்லாத மகள் செல்கள் அமிலம் ஏறிய ஊடகத்தில் வெடித்துப் போகின்றன. சுமார் 90 சதவீதக் கைட்டினைக் கட்டுவது குழாயில் அடக்கமாக இருந்த சி.எச்.எஸ்.3.

இங்கேதான் அடுத்த குழி. ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்துவிட்டு, "கட்டுப்பாடு இதுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். சி.எச்.எஸ்.3 நொதியின் அளவு செல் சுழற்சி முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஈரோட்டுக் குடோனில் மூட்டை மூட்டையாக மஞ்சள் கிடந்தால் ஏலத்தில் விற்றதாகுமா? நொதி இருந்தால் போதாது, செல்லின் மேல்சவ்வுக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குத் துணைப் புரதங்கள் உண்டு. புரதம் உருவாகும் எண்டோபிளாச வலையிலிருந்து கிளம்ப சி.எச்.எஸ்.7 வேண்டும். புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்ஜிப் பக்கமிருந்து சவ்வுக்குப் போக சி.எச்.எஸ்.5, சி.எச்.எஸ்.6 இரண்டும் வேண்டும். கழுத்தில் போய் நிற்க, வேலையைத் தொடங்க, சி.எச்.எஸ்.4 வேண்டும், பி.என்.ஐ.4 என்ற புரதம் அதைக் கழுத்திலுள்ள செப்டின் புரத வளையத்தோடு கட்டிவைக்கிறது. வேலை முடிந்ததும் செல் அந்த நொதியைச் சிறு பைகளுக்குள் இழுத்துப் பூட்டிவிடும். சூடு பட்டால் அந்த இருப்பு சில நிமிடங்களில் சவ்வுக்கு வந்துவிடுகிறது. ஆணை ரோ1, பி.கே.சி.1 என்ற சமிக்ஞைப் புரதங்கள் வழியாக வருகிறது.

இதையே இன்னொரு கைட்டின் நொதியான சி.எச்.எஸ்.2-க்கும் எழுதினால் மார்க் போச்சு. அது ஒவ்வொரு சுழற்சியிலும் புதிதாகச் செய்யப்படுகிறது. செல் சுழற்சியை நடத்தும் சி.டி.கே.1 நொதி ஒட்டிய பாஸ்பேட் இருக்கும்வரை வலைக்குள்ளேயே காத்திருக்கும். மைட்டாசிஸ் (உட்கருப் பிரிவு) முடியும்போது சி.டி.சி.14 என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிட, கழுத்துக்கு ஓடித் தடுப்புச்சுவர் கட்டுகிறது. பிறகு செல்லின் கழிவறையான வாக்குவோலில் அழிகிறது.

"கைட்டின் கூடினால் செல் ஆரோக்கியம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. குளுக்கான் கட்டும் எஃப்.கே.எஸ்.1 ஜீன் பழுதானால் கைட்டின் ஏறுகிறது. அது இடிகிற சுவருக்கு முட்டுக் கொடுப்பது. மனிதரைத் தொற்றும் கேன்டிடா பூஞ்சைக்கு, குளுக்கான் கட்டுவதைத் தடுக்கும் காஸ்போஃபஞ்சின் மருந்து கொடுத்தாலும் இப்படித்தான் ஏறுகிறது, மருந்துக்குத் தாக்குப்பிடிக்கவும் அது உதவுகிறது.

கேன்டிடா என்றதும் ஒன்று. அதில் இந்தக் கைட்டின் கட்டும் நொதிகள் 4. பெயரிலுள்ள எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள்: ரொட்டி ஈஸ்ட்டின் சி.எச்.எஸ்.2-க்கு இணையானது கேன்டிடாவில் சி.எச்.எஸ்.1.