மண்டப விளக்கொளியில் பட்டை விழாமல் படமெடுக்க

திருமண மண்டபத்து எல்.இ.டி. விளக்குகளின் கீழ் எடுத்த படங்களில் கரும்பட்டைகள் குறுக்கே ஓடுவதைப் பலர் கேமராவின் கோளாறு என்றே எண்ணிவிடுகிறார்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால், தரம் குறைந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 நொடி என வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படமும் முழுத் துடிப்பின் ஒளியைப் பெறுவதால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டைகள் எளிதில் விழும் என்பதால், அதை இங்கே தவிர்ப்பது நல்லது.

மூன்று முடிச்சிடும் விரல்களைத் தெளிவாகப் பிடிக்க 1/100 போதும். அட்சதை மட்டும் சிறு கோடுகளாக இழுபட்டுத் தெரியும். என் கண்ணுக்கு அது மழை போல அழகாகவே இருக்கிறது. லென்ஸ் துளையை எஃப் 2.8 வரை திறந்து, கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1600 முதல் 3200 வரை உயர்த்திக்கொள்ளலாம். ஓமப்புகை சூழ்ந்திருக்கும்போது ஃபிளாஷை நேராக அடித்தால் புகை வெளுத்து மணமகளின் முகத்தை மறைத்துவிடும் என்பதால், கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்புங்கள். முந்தைய நாள் மாலையே, மேடை விளக்குகள் எரியும்போது, ஓரிரு படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.