வாங்க காசு இல்லாமயே ஆர்ச்சர்ட் ரோட்ல வாட்ச் கட்டிப் பாக்குறது எப்படி

சிங்கப்பூர் வந்த புதுசுல ஆர்ச்சர்ட் எம்ஆர்டில இறங்கி மேல இருக்குற மால்ல ஒரு வாட்ச் கடை வாசல்ல மூணு ரவுண்டு அடிச்சிருக்கேன், உள்ள போகல. கண்ணாடிக் கதவு, ஸ்பாட் லைட்டு, கோட்டு போட்ட ஆளுங்க நாலு பேரு, கஸ்டமர் ஒருத்தர் கூட இல்ல, என் கால்ல ரப்பர் செருப்பு. நாலாவது ரவுண்டுல செக்யூரிட்டி அண்ணன் தமிழ்லயே "தம்பி, பாக்குறதுக்கு காசு கேக்க மாட்டாங்க, போங்க"ன்னு கதவத் திறந்து விட்டாரு. அன்னைலேர்ந்து அஞ்சு வருசமாச்சு, வாங்கினது ஒண்ணே ஒண்ணு, கட்டிப் பாத்தது நூறு தாண்டிருக்கும். கூச்சப்பட்டு வெளிய நிக்கிறவங்களுக்காகத் தான் இத எழுதுறேன்.

முதல்ல வீட்லயே ஒரு வேலை இருக்கு. மணிக்கட்டு சுத்தளவு எல்லாரும் அளப்பாங்க, அது பாதி தான், மேல்பக்கம் தட்டையா இருக்குற இடத்தோட அகலத்த ஸ்கேல் வச்சு அளங்க. எனக்கு சுத்தளவு 16 சென்டி, மேல அகலம் 5 சென்டி சொச்சம். வாட்ச்ல பாக்க வேண்டியது டயல் சைஸ் இல்ல, லக் டு லக், அதாவது ஸ்ட்ராப் மாட்டுற மேல் கொம்புலேர்ந்து கீழ் கொம்பு வரைக்கும் உள்ள நீளம். அது உங்க அகலத்தத் தாண்டுச்சுன்னா கையில தட்டு வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் 42 மில்லிமீட்டர் அகலம்னு கேட்டு பயந்து ரெண்டு வருசம் அது பக்கமே போகல நானு, ஆனா லக் டு லக் 48க்குள்ள தான், கொம்பு கீழ வளைஞ்சு கைய புடிச்சுக்குது. அதுவே நோமோஸ் ஓரியன் 38 மில்லி தான், ஆனா கொம்பு நீளம், டயல சுத்தி இருக்குற வளையம், பெசல்னு சொல்வாங்க, அது மெலிசு, முழுக்க டயலாவே தெரியுது, என் கையில அது தான் பெருசா இருந்துச்சு. இதெல்லாம் வெப்சைட்ல நம்பர் பாத்துப் புரியாது, கட்டினா மூணு செகண்டுல புரிஞ்சிரும். வேணும்னா ஒரு பேப்பர 48 மில்லிக்கு வெட்டி மணிக்கட்டு மேல வச்சுப் பாத்துட்டு கிளம்புங்க.

டிரெஸ் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, செருப்பு வேணாம், மத்தபடி சுத்தமா ஒரு சட்டை போதும். முழுக்கை சட்டைன்னா இன்னும் நல்லது, வாட்ச் கஃப்புக்கு அடியில போகுதா இல்ல முட்டிக்கிட்டு நிக்குதான்னு அங்கயே தெரிஞ்சிரும். கையில காப்பு, செம்பு வளையம் இருந்தா கழட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க, வாட்சோட பாலிஷ் பண்ண மெட்டல் உடம்புல ஒரு கோடு விழுந்தா உங்களுக்கும் சங்கடம் அவங்களுக்கும் சங்கடம். சன்ஸ்கிரீன், ஹேண்ட் கிரீம் தடவிட்டு போய் லெதர் ஸ்ட்ராப்ப தொடாதீங்க. லிட்டில் இந்தியால கையால பிரியாணி சாப்ட்டு நேரா வர்றவங்க சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவிட்டு வாங்க, இது அனுபவம், மேல கேக்காதீங்க.

நேரம் முக்கியம். சனி ஞாயிறு சாயங்காலமும் சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரங்களும் போகவே போகாதீங்க, போனஸ் காசோட நிஜமா வாங்க வந்தவங்க க்யூல இருப்பாங்க, உங்கள யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, பாக்கவும் கூடாது, அவங்களுக்கு கமிஷன் பொழப்பு. வார நாள்ல கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள போனா ஆளுங்க ஃப்ரீயா இருப்பாங்க, பேச ஆசையா கூட இருப்பாங்க.

எடுத்தவுடனே பட்டேக் ஃபிலிப் மாதிரி ரொம்ப காஸ்ட்லி பிராண்டு கடைக்குள்ள நுழையாதீங்க. லிட்டில் இந்தியால இருக்குற முஸ்தஃபா பெரிய கடைல வாட்ச் கவுண்டர் இருக்கு, அங்க சீக்கோ, சிட்டிசன்னு நாலு மாட்டிப் பாத்து கிளாஸ்ப், அதாவது ஸ்ட்ராப்ப பூட்டுற கொக்கி, திறக்குறது மூடுறது எல்லாம் பழகிக்கோங்க, கூட்டத்துல யாரும் உங்கள கவனிக்க மாட்டாங்க. அப்புறம் ஆர்ச்சர்ட் வந்து பல பிராண்ட் ஒண்ணா விக்கிற கடைல தொடங்குங்க. ஒரே கூரைக்கு கீழ டூடரும் இருக்கும் லாஞ்சீன்ஸும் இருக்கும், ஒண்ணுக்கொண்ணு ஒப்பிடலாம். அயான், விஸ்மா ஏட்ரியா, தகாஷிமாயா இருக்குற ஙீ ஆன் சிட்டி, இந்த மூணு மாலும் தரைக்கு அடியிலயே தொடர்ந்து வரும், வெயில்ல ஒரு அடி எடுத்து வைக்காம சுத்தலாம். ஒரே பிராண்டு பூட்டிக் எல்லாம் அதுக்கப்புறம்.

உள்ள போனதும் என்ன சொல்றது? இங்க தான் எல்லாரும் சொதப்புறது. "அடுத்த மாசம் வாங்கப் போறேன்"னு ரீல் விடாதீங்க, ரெண்டாவது கேள்வியில மாட்டிப்பீங்க. நான் சொல்றது ஒரே வாக்கியம் தான்: "இன்னைக்கு வாங்க வரல, இந்த மாடல் என் கைக்கு செட் ஆகுமான்னு பாக்கணும், டைம் இருந்தா காட்டுறீங்களா?" இதுல மூணு விஷயம் இருக்கு, உண்மை இருக்கு, எந்த மாடல்னு தெளிவு இருக்கு, அவங்க நேரத்துக்கு மரியாதை இருக்கு. பத்துல எட்டு இடத்துல சிரிச்சுக்கிட்டே ட்ரே எடுத்துட்டு வந்துருவாங்க. ஒரு கடைல மட்டும் ஒருத்தர் என் கையில இருந்த காசியோவ பாத்துட்டு விலைய மட்டும் மெதுவா, அழுத்தமா சொல்லிட்டு அப்படியே நின்னாரு, ட்ரே வரல, நானும் தேங்க்ஸ் சொல்லிட்டு பக்கத்து கடைக்கு போனேன், அங்க அதே மாடல் அஞ்சு நிமிசத்துல கையில. தண்ணி, காபி குடுத்தா குடிங்க, குடிச்சா வாங்கணும்னு சட்டம் இல்ல. ஆனா ஒரு கடைல மூணு வாட்சுக்கு மேல எடுக்கச் சொல்லாதீங்க, நாலாவதுலேர்ந்து உங்களுக்கே எது எதுன்னு மறந்துரும்.

கட்டிப் பாக்குற முறைக்கு வருவோம். வாட்ச எப்பவும் ட்ரேக்கு மேலயே வச்சு புடிங்க, நடந்துகிட்டே மாட்டாதீங்க. கிளாஸ்ப் திறக்கத் தெரியலன்னா அவங்களயே மாட்டி விடச் சொல்லுங்க, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. கிரவுன, அதாவது பக்கவாட்டுல இருக்குற சாவித் திருகை இழுக்குறது, க்ரோனோகிராஃப்ங்குற ஸ்டாப்வாட்ச் பட்டன அமுக்குறது, பெசல் திருப்புறது எல்லாம் கேட்டுட்டு தான் செய்யணும். மெட்டல் பிரேஸ்லெட் உங்க கைக்கு கட் பண்ணாம தான் இருக்கும், லூசா தொங்கும், அத வச்சு கனமா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, மணிக்கட்டுக்கு அடியில ஒரு விரல விட்டு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு பாருங்க. அப்புறம் கைய மேல்பக்கமா மடக்குங்க, கிரவுன் புறங்கையில குத்துதா? மேசை மேல லேப்டாப் அடிக்கிற மாதிரி கைய வைங்க, கிளாஸ்ப் விளிம்பு உறுத்துதா? ஆபீஸ்ல எட்டு மணி நேரம் அப்படித் தான இருக்கப் போறோம். ஒரு வாட்ச் மேல எனக்கு மூணு வருசக் காதல், இந்த மேசை டெஸ்ட்ல பத்து செகண்டுல போயிருச்சு.

கடை வெளிச்சத்த நம்பாதீங்க. அந்த ஸ்பாட் லைட்டுக்கு கீழ எந்த டயலும் வைரம் மாதிரி தான் மின்னும். "ஜன்னல் பக்கம் போய் பாக்கலாமா"ன்னு கேளுங்க, கூடவே வருவாங்க. டயல உள்ளங்கையால மூடி இருட்டுல லூம், அதாவது முள்ளுல பூசின ஒளிரும் பூச்சு, எப்படி ஒளிருதுன்னும் பாருங்க. கிராண்ட் சீக்கோ ஸ்ப்ரிங் டிரைவ் மாடல்னா செகண்ட் முள்ளு மேல ஒரு நிமிசம் கண்ண வைங்க, டிக் டிக்னு குதிக்காது, எண்ணெய்ல வழுக்குற மாதிரி ஓடும், இத போட்டோல யாரும் உங்களுக்கு காட்டவே முடியாது. அதே பிராண்டோட ஸ்னோஃப்ளேக் மாடல் டைட்டேனியம், 41 மில்லி சைஸுக்கு எடை இவ்ளோ தானான்னு சந்தேகமே வரும்.

போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, பெரும்பாலும் சரிம்பாங்க. ஆனா போன கிட்ட கொண்டு போய் எடுத்தா எந்த வாட்சும் சுவர்க் கடிகாரம் மாதிரி தெரியும், லென்ஸோட வேலை அது. கூட வந்தவங்கள நாலு அடி தள்ளி நின்னு முழு ஆளா எடுக்கச் சொல்லுங்க, இல்ல ஆளுயரக் கண்ணாடில பாருங்க, ஊர் உலகம் பாக்கப் போறது அந்த தூரத்துலேர்ந்து தான்.

இன்னொரு விஷயம் இந்த ஊரு சூடு. வெளிய இருபது நிமிசம் நடந்துட்டு வந்தா மணிக்கட்டு வீங்கிருக்கும், ஏசில உக்காந்தா சுருங்கும். அதனால கிளாஸ்ப்லயே அளவு மாத்த வழி இருக்கான்னு கேளுங்க. ரோலெக்ஸ் சப்மரினர்ல கிளைட்லாக், டூடர்ல பல மாடல்ல டி-ஃபிட், ரெண்டுமே டூல் இல்லாம கையாலயே நகத்தலாம். இங்க வருசம் பூரா வெயில், எனக்கு இது டயல் கலர விட முக்கியம்.

ரோலெக்ஸ் கடைல ஷோகேஸ்ல இருக்குறதுல பலது காட்சிக்கு மட்டும்னு அட்டை வச்சிருப்பாங்க, விக்க மாட்டாங்க, கட்டிப் பாக்க மட்டும் தருவாங்க. நமக்கு அது தான வேணும்! வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் குடுக்கலாம், ஆனா மேல வரணும்னா வேற எதாவது வாங்குங்கன்னு ஜாடை காட்டுனா புடிக்காதத வாங்கிட்டு வராதீங்க. கடைல கிடைக்காத மாடல், நிறுத்திட்ட பழைய 34, 36 மில்லி சைஸ் எல்லாம் கட்டிப் பாக்கணும்னா பாராகான் பக்கத்துல லக்கி பிளாசா போங்க, செகண்ட் ஹேண்ட் வாட்ச் கடை வரிசையா இருக்கு. அங்க கோட்டு கிடையாது, காபி கிடையாது, பேச்சு சுருக்கம், ஆனா ரகம் ஏராளம். வாரண்டி கார்டு எந்த வருசம், பாலிஷ் போட்டிருக்கா, பிரேஸ்லெட் தொளதொளன்னு ஆடுதான்னு அங்க பாத்துப் பழகினா கண்ணு தேறிரும்.

வெளிய வந்ததும் போன்ல ரெஃபரன்ஸ் நம்பர் (மாடலோட அடையாள எண்), விலை, மனசுல பட்டது ஒரு வரி எழுதி வச்சிருங்க. பல பிராண்ட் கடைல சில பிராண்டுக்கு தள்ளுபடி உண்டு, "பெஸ்ட் பிரைஸ் என்ன"ன்னு கேக்கலாம், ரோலெக்ஸ் பட்டேக்குக்கு மட்டும் அந்த வாய திறக்காதீங்க. விலையில 9% ஜிஎஸ்டி அடக்கம். டூரிஸ்ட்டா வந்தவங்க அந்த ஜிஎஸ்டிய திருப்பித் தர்ற திட்டத்துல சேந்த கடைல பாஸ்போர்ட் காட்டி வாங்கினா சாங்கி ஏர்போர்ட்ல ரீஃபண்ட் கேக்கலாம், வேலை பாஸ்ல இருக்குற நமக்கு கிடையாது, ஊர்லேர்ந்து வந்த மச்சான் பேர்ல நாம வாங்குறதும் தப்பு. சென்னைக்கு கொண்டு போனா, வரியில்லா வரம்பத் தாண்டின விலைன்னா கஸ்டம்ஸ்ல டிக்ளேர் பண்ணணும், டூட்டி கட்டணும். "கையில கட்டிட்டு வந்துரு, கேக்க மாட்டாங்க"ன்னு சொல்ற மாமா எல்லார் வீட்லயும் ஒருத்தர் இருப்பாரு, மாட்டினா அவர் வந்து டூட்டி கட்டப் போறதில்ல.

கிளம்பும்போது கார்டு குடுப்பாங்க, நம்பர் கேப்பாங்க. நல்லா கவனிச்சவங்களுக்கு குடுங்க, வாட்ஸாப்ல தொல்லை பண்ணா "இப்ப பட்ஜெட் இல்ல"ன்னு நேராவே சொல்லிருங்க, கோச்சுக்க மாட்டாங்க. எனக்கு ஒருத்தர் அப்படித் தான் நாலு வருசமா பழக்கம், போன வாரம் கூட "உன் கைக்கு ஏத்த சைஸ்ல ஒண்ணு வந்திருக்கு, பாக்க வரியா"ன்னு அனுப்பினாரு. வாங்க மாட்டேன்னு அவருக்கும் தெரியும், வியாழக்கிழமை காலைல போறேன்.