"எல்லாம் ஒரே பாடி தானே"ன்னு நம்பி பார்ட்ஸ் வாங்குறவங்க பண்ற தப்புகள்

பழைய அமெரிக்க கார் ஒண்ண வாங்கி ரீஸ்டோர் பண்ணலாம்னு இறங்குற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க, "அட இது எல்லாம் ஒரே பாடி தாங்க, எதுல இருந்து வேணா கழட்டி மாட்டிக்கலாம்"னு. பாதி உண்மை. மீதி பாதி தான் காச முழுங்குது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) ஏ-பாடியவே எடுத்துக்கோங்க, ஒரே அடிப்படைல பல கார் செய்றதுக்கு கம்பெனி வெச்ச பேர் அது, 1964ல இருந்து 1972 வரைக்கும் ஷெவர்லே ஷெவெல், போன்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ், ப்யூக் ஸ்கைலார்க் நாலும் அதுல வந்தது தான், ஆனா ஷெவெலோட முன் ஃபெண்டர தூக்கிட்டு போய் கட்லஸ்ல வெச்சு பாருங்க, ஒண்ணும் நடக்காது. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் எலும்பு ஒண்ணு, சட்டை அளவு வேற, அவ்ளோதான் மேட்டர்.

ஜிஎம்ல பாடி செஞ்சு குடுத்தது ஃபிஷர் பாடி டிவிஷன். அதனால தரை, ஃபயர்வால், கூரையோட அடிப்படை, கண்ணாடி, கதவு கீல், கண்ணாடி ஏத்தி இறக்குற மெக்கானிசம், சீட் ஃப்ரேம் இந்த மாதிரி உள்ள ஒளிஞ்சு இருக்குற ஐட்டம் பெரும்பாலும் நாலு பிராண்டுக்கும் பொது. ஃபெண்டர், பானெட், பம்பர், கிரில், பின் குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேல வர்ற பக்கத் தகடு), டேஷ்போர்டு இதெல்லாம் அந்தந்த பிராண்டோட சொந்த சரக்கு. ரோட்ல நிக்கிறவன் கண்ணுக்கு தெரியுற பார்ட்டா இருந்தா பொதுவா இருக்க வாய்ப்பு கம்மி, இத மனசுல வெச்சுக்கிட்டாலே பாதி தப்பு குறையும்.

கதவு தான் ரொம்ப பேர ஏமாத்துது. உள் ஷெல், கீல், லாக் எல்லாம் ஒரே குடும்பம்ங்கறதால வேற பிராண்ட் கதவு கூட போல்ட் பண்ணா உக்காந்துரும், மூடவும் மூடும், ஆளு குஷியாயிடுவாரு. அப்புறம் பத்தடி தள்ளி நின்னு பக்கவாட்டுல பாத்தா தான் தெரியும், ஃபெண்டர்ல இருந்து வர்ற அந்த மடிப்பு கோடு கதவுகிட்ட வந்ததும் அறுந்து போய் வேற உயரத்துல ஆரம்பிக்கும், குவார்ட்டர் பேனல்ல மறுபடி இடம் மாறும். பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும்னு நினைக்காதீங்க, பளபளன்னு ஆனதும் இன்னும் நல்லா தெரியும். அந்த கதவ தூக்கி போடவும் வேண்டாம், உள்ள இருக்குற கீல், லாக், கண்ணாடி ஏத்தி இறக்குற ரெகுலேட்டர கழட்டி உங்க கதவுல போட்டுக்கலாம்.

அடுத்தது வருஷம். "1964-72 ஏ-பாடி"ன்னு சேத்து சொல்றது பேச்சுக்கு சரி, பார்ட்ஸ்க்கு சரி கிடையாது, ஏன்னா அதுல ரெண்டு தலைமுறை இருக்கு. 64ல இருந்து 67 வரைக்கும் டூ டோர் ஃபோர் டோர் ரெண்டுக்கும் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தூரம்) 115 இன்ச். 68ல டிசைன மாத்தும்போது டூ டோருக்கு 112, ஃபோர் டோருக்கு 116ன்னு பிரிச்சிட்டாங்க. பின் ஆக்சில் ஹவுசிங் அகலமும் ரெண்டு தலைமுறைக்கும் வேற. ஆனா பாருங்க, முன் டிஸ்க் பிரேக் ஸ்பிண்டில் (முன் சக்கரம் மாட்டுற அச்சு) மட்டும் 64-72 ஏ-பாடி, 67-69 கமேரோ ஃபயர்பேர்ட், 68-74 நோவா எல்லாத்துக்கும் ஒண்ணுக்கொண்ணு மாறும். வெளிய நாலு விதமா இருக்குற காருக்கு அடியில ஒரே பார்ட், ஒரே பேர் இருக்குற காருக்கு அடியில வேற பார்ட். இதனால தான் பேர வெச்சு முடிவு பண்ணக்கூடாதுங்கறேன்.

ஃபோர் டோர் பார்ட்ஸ் கார் சல்லிசா கிடைக்குதுன்னு வாங்குறவங்க நிறைய பேரு. வாங்குங்க, தப்பில்ல, ஆனா எதுக்கு வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குங்க. அதே பிராண்ட், அதே வருஷமா இருந்தா முன்னாடி ஃபெண்டர், ஸ்டீயரிங், ஸ்பிண்டில், பிரேக், பின் ஆக்சில் இதெல்லாம் உருப்படியா தேறும். கதவு, கூரை, குவார்ட்டர் தேறவே தேறாது. 68க்கு அப்புறம் ஃப்ரேமும் புரொபெல்லர் ஷாஃப்டும் 4 இன்ச் வீல்பேஸ் வித்தியாசத்தால நீளம் வேற. முன் கண்ணாடியும் பாத்து வாங்குங்க, டூ டோர் ஹார்ட்டாப்போட (பக்கத்துல நடு தூண் இல்லாத, கெட்டி கூரை வண்டி) கூரை தாழ்வா இருக்கும், ஃபோர் டோர் கண்ணாடி அதுல உக்காராது.

கன்வர்ட்டிபிள் வெச்சிருக்கவங்க இத கொஞ்சம் நிதானமா படிங்க. 68-72 ஷெவெல் ஹார்ட்டாப்போட ஃப்ரேமோட பக்க சட்டத்த குறுக்கா வெட்டி பாத்தா ஆங்கில எழுத்து சி மாதிரி ஒரு பக்கம் திறந்து இருக்கும். கன்வர்ட்டிபிளுக்கும் எல் கமீனோவுக்கும் (ஷெவெல்ல இருந்து வந்த பிக்கப்) அத நாலு பக்கமும் மூடி பாக்ஸ் மாதிரி பண்ணி இருப்பாங்க, கன்வர்ட்டிபிளுக்கு கெட்டி கூரை இல்லாததால பாடி வளையாம இருக்கணும்ல. துருப்பிடிச்ச கன்வர்ட்டிபிள் ஃப்ரேமுக்கு பதிலா ஹார்ட்டாப் ஃப்ரேம் போட்டா நீளம் ஒண்ணு தானே, உக்காந்துரும், ஆனா மேடு பள்ளத்துல வண்டி முறுக்கிக்கும், கதவு இடுக்கு ஏறி இறங்கும். எல் கமீனோ ஃப்ரேம் பாக்ஸ் தானேன்னு அத வாங்குனா அது 116 இன்ச், அதுவும் ஆகாது.

சட்டம் மாறுனதால வந்த வித்தியாசம் வேற இருக்கு. 1968 ஜனவரில இருந்து சைடு மார்க்கர் லைட் கட்டாயம், அதனால 67 கமேரோ ஃபெண்டர்ல அந்த ஓட்டை இருக்காது, 68ல இருக்கும். 67 கதவுல முன்னாடி சின்ன முக்கோண கண்ணாடி உண்டு, 68ல அத எடுத்துட்டாங்க. 69ல ஜிஎம் சாவிய டேஷ்ல இருந்து ஸ்டீயரிங் காலத்துக்கு மாத்திட்டாங்க, 68 வண்டிக்கு 69 ஸ்டீயரிங் காலம் வாங்குனா வயரிங்ல இருந்து எல்லாத்தையும் நோண்டணும்.

இன்ஜின் பக்கம் வந்தா "350 (இன்ஜின் அளவு, கன இன்ச்ல) தானே"ங்கற ஒரு வார்த்தை எத்தன பேர கவுத்திருக்குன்னு கணக்கே இல்ல. ஷெவர்லே 350, போன்டியாக் 350, ஓல்ட்ஸ் 350, ப்யூக் 350 நாலும் நாலு வேற இன்ஜின், இன்டேக் மேனிஃபோல்ட், ஹெட், எக்ஸாஸ்ட் எதுவும் மாறாது. ப்யூக்ல டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினோட முன்பக்கம் இருக்கும், மத்த மூணுலயும் பின்னாடி, ஓல்ட்ஸ்ல ஆயில் ஊத்துற குழாய் முன்னாடி நட்டுக்கிட்டு நிக்கும், இந்த ரெண்ட பாத்தாலே பாதி அடையாளம் தெரிஞ்சிடும். கியர்பாக்ஸும் அப்படித்தான், ஷெவர்லேவுக்கு ஒரு போல்ட் பேட்டர்ன், ப்யூக் ஓல்ட்ஸ் போன்டியாக் மூணுக்கும் இன்னொரு பேட்டர்ன், டர்போ 350ங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட பேர் மட்டும் பாத்து வாங்குனா இன்ஜின்ல முட்டிக்கிட்டு நிக்கும். 1977ல ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88ல ஷெவர்லே 350 இன்ஜின போட்டு வித்தது தெரிஞ்சதும் வாங்குனவங்க கோர்ட்டுக்கே போனாங்க. கம்பெனியே மாத்தி போட்டா கேஸ் ஆகுது, நம்ம என்னடான்னா பேர பாத்து பணத்த குடுத்துடுறோம். பின் ஆக்சில்லயும் இதே கதை, ஷெவர்லேலயும் 12 போல்ட் ஆக்சில் இருக்கு, ஓல்ட்ஸ்லயும் இருக்கு, மூடிய கழட்டுனா உள்ள கியர் செட் வேற வேற.

எழுத்த வெச்சு தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜிஎம் ஏ-பாடி வேற, கிரைஸ்லர் ஏ-பாடி வேற, டாட்ஜ் டார்ட்டும் பிளிமத் டஸ்டரும் கிரைஸ்லர் ஏ-பாடி. ஜிஎம்லயே 1982ல ஏ-பாடிங்கற பேர முன் சக்கர டிரைவ் காருக்கு குடுத்துட்டு பழசுக்கு ஜி-பாடின்னு பேர் வெச்சிட்டாங்க. எக்ஸ்-பாடியும் அப்படித்தான், முதல்ல நோவா, 1980ல இருந்து சிட்டேஷன். வருஷம் போடாம எழுத்த மட்டும் தேடுனா என்னென்னமோ வரும்.

கிரைஸ்லர்ல பெரிய குழப்பம் பாரகூடாவும் சேலஞ்சரும். 1970-74 ரெண்டும் ஈ-பாடி, தூரத்துல பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா பாரகூடா 108 இன்ச், சேலஞ்சர் 110 இன்ச், வெளித்தகடு ஒண்ணு கூட பொது கிடையாது. அடியில இருக்குற டார்ஷன் பார் சஸ்பென்ஷன் பொது, கிரைஸ்லரோட இன்னொரு பாடியான பி-பாடியோட டார்ஷன் பார் கூட சேரும், ஏ-பாடியோடது நீளம் கம்மி, சேராது. அந்த பார்ல இடது வலதுன்னு இருக்குறத மறந்து ஒரே பக்கத்து பார் ரெண்டு வாங்கிட்டு வர்றவங்களும் உண்டு. டஸ்டரும் டாட்ஜ் டெமனும் கதவு, பின்பாதி பொது, ஆனா டெமனோட முன்பக்கம் டார்ட்ல இருந்து வந்தது. வீல் வாங்கும்போதும் கவனம், பழைய கிரைஸ்லர் ஏ-பாடி 5 போல்ட், 4 இன்ச் வட்டம், 73ல இருந்து டிஸ்க் பிரேக் வண்டிக்கு 4.5 இன்ச். இன்னொண்ணு, 1970 வரைக்கும் இடது பக்க வீல் நட்டு பல வண்டில இடது மரை. வழக்கம் போல திருப்பி பலம் குடுத்தா ஸ்டட் ஒடிஞ்சு கையில வரும்.

ஃபோர்டுல 65-66 மஸ்டாங் ஆறு சிலிண்டரா வி8ஆன்னு கேக்காம பிரேக், வீல் வாங்காதீங்க, ஆறு சிலிண்டருக்கு 4 நட்டு, வி8க்கு 5. 67 கூகர் மஸ்டாங்ல இருந்து பொறந்தது தான், ஆனா வீல்பேஸ் 108க்கு பதிலா 111. ஏஎம்சில (அமெரிக்கன் மோட்டார்ஸ்) 68-70 ஏஎம்எக்ஸ், ஜாவலின ஒரு அடி வெட்டி சுருக்குன வண்டி, 109க்கு பதிலா 97 இன்ச். கதவு, முன் கண்ணாடி ஜாவலின்ல இருந்தே எடுக்கலாம், பின் பக்க தகடு ஆகாது.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட பிராண்ட், வருஷம், எத்தன கதவு, எந்த இன்ஜின் வண்டில இருந்து கழட்டுனதுன்னு நாலையும் கேளுங்க. "எல்லாத்துக்கும் சேரும்"னு சொன்னா போட்டோ கேளுங்க, வார்ப்பு நம்பர் (பார்ட்ட வார்க்கும்போதே அதுல பதிச்ச நம்பர்) தெரியுற மாதிரி. ஷெவர்லே இன்ஜின் பிளாக்ல தேதியும் வார்த்திருப்பாங்க, ஒரு எழுத்து மாசம், நடுவுல நாள், கடைசி எண் வருஷம், சி148ன்னு இருந்தா மார்ச் 14, 1968. கடைசி எண் ஒண்ணுதான்ங்கறதால 78ஆவும் இருக்கலாம், அதுக்கு தான் வார்ப்பு நம்பரையும் சேத்து பாக்கணும். ஹோலண்டர் இன்டர்சேஞ்ச் மேனுவலோட பழைய எடிஷன் கைக்கு கிடைச்சா விடாதீங்க, எந்த பார்ட் எந்தெந்த வண்டிக்கு மாறும்னு வரிசையா போட்டிருக்கும். புது ரீப்ரொடக்ஷன் கேட்டலாக்ல "68-72 ஏ-பாடி"ன்னு எழுதி இருந்தா அது பல தடவ ஷெவெல மட்டும் மனசுல வெச்சு எழுதுனது, மத்த பிராண்ட் வண்டி வெச்சிருந்தா போன் போட்டு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

பாடி முழுசா துருவாகி இன்னொரு பாடியவே வாங்குற நிலம வந்தா, பழைய வண்டியோட வின் (வண்டி அடையாள நம்பர்) தகட்ட கழட்டி புதுசுல அடிச்சுக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. ஒட்டுனது அப்படியே அச்சு அசலா இருந்தாலும் அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி அது குற்றத்துல போய் முடியலாம். பல வண்டில ஃப்ரேம்லயும் அந்த நம்பரோட ஒரு பகுதிய குத்தி வெச்சிருப்பாங்க. ஃப்ரேமோ பாடியோ மாத்துறதா இருந்தா உங்க மாநிலத்துல வண்டி பதிவு பண்ற ஆபீஸ்ல முதல்ல விசாரிங்க, பேப்பர் எப்படி வேணும்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம் ஸ்பேனர எடுங்க.